தூக்கப் பங்காளி உண்டு

நேசையனுக்கு போன் வந்தால் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று அர்த்தம். வேறு எதற்கும் அவனை யாரும் கூப்பிடுவதில்லை. கல்யாணத்துக்குக் கூப்பிட வேண்டுமென்றால் ஊரில் கல்யாணம் நடக்க வேண்டும். எங்கள் கல்லுவிளையில் கடைசியாகப் பந்தல் போட்டது யார் வீட்டில் என்று யோசித்துத்தான் சொல்ல முடியும். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின பனச்சமூடு சந்தையிலிருந்து கேரளத்துப் பக்கம் கீழே இறங்குகிற ரோட்டில் இரண்டு பக்கமும் பெரிய பெரிய வீடுகள். மாடி வைத்தவை, கேட்டில் சிங்க முகம் வைத்தவை, இரண்டு கார் நிற்கிற மாதிரி போர்ச் வைத்தவை. பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. மீதி வீடுகளில் என்னைப்போல ஒருவரோ இருவரோ. சொந்த வீட்டு மாடியைப் பார்த்து வருஷக்கணக்கான ஆட்கள் இங்கே உண்டு. முட்டுவலி ஏற விடாது.

விழுகிற இடம் பெரும்பாலும் குளிமுறி. பிள்ளைகள் பார்த்துப் பார்த்து ஒட்டிய டைல்ஸ், தண்ணீர் பட்டால் சோப்பு மாதிரி வழுக்கும். விழுந்தவர் தரையில் கிடந்தபடியே துபாய்க்கோ லண்டனுக்கோ கூப்பிடுவார். அங்கேயிருந்து மகனோ மகளோ நேசையனைக் கூப்பிடுவார்கள். அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போவான்.

போனதும் தூக்கமாட்டான். பக்கத்தில் குத்தவைத்து உட்காருவான். "எஞ்ச வலிக்கு? காலு அனங்குதா? மெதுவா அனக்கிப் பாருங்க." கால் அசைந்தால் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து தலைமாட்டில் போடுவான். தோர்த்துத் துண்டைக் கக்கத்துக்கு அடியில் கொடுத்து, முதலில் முட்டுப் போட வைத்து, பிறகு நாற்காலி, பிறகு கட்டில். சந்தையில் சுமடு எடுத்தவன் அவன். தமிழ்நாட்டு லாரியிலிருந்து வாழைக்குலை இறக்குவான், அதே கையோடு இந்தப் பக்கத்து லாரியில் மரச்சீனி ஏற்றுவான். நீலச் சட்டையும் தலையில் துண்டுமாக அவன் நின்றால் ஆஞ்சிலி மரம் நிற்கிற மாதிரி இருக்கும். அவனிடம் நான் பொறாமைப்பட்டதெல்லாம் உண்டு. நான் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். இப்போது நெஞ்சில் ஒரு மிஷின் வைத்திருக்கிறார்கள். கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதைப்போல் வேறு எந்த உபதேசத்தையும் நான் இவ்வளவு விசுவாசமாகக் கைக்கொண்டதில்லை.

எங்கள் சபையில் வாலிபர் சங்கத்துக்குச் செயலாளர் நேசையன்தான். வயது அறுபத்தாறு. முன்னால் செயலாளராக இருந்த பையன் கானடாவுக்குப் போனபோது, "அடுத்த ஆள் வாறது வரைக்கும் நீரு பாரும்" என்று போதகர் ஐயர் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு மூன்று ஐயர்மார் மாறிவிட்டார்கள், அடுத்த ஆள் வரவில்லை. ஆண்டு விழாவில் வாலிபர்கள் முன்னால் வரவும் என்று மைக்கில் சொன்னால் அவன் ஒருத்தன் எழுந்து போவான். சபை கைதட்டும். அவனும் சிரித்துக்கொள்வான்.

அவன் மனைவி சுகிர்தபாய், அண்டியாபீசில் முந்திரி உடைத்தவள், பாடகர் குழுவில் இரண்டாம் குரல். நாக்கு கொஞ்சம் நீளம். இவர்களுக்கு ஒரே மகள், ஜிஜி. பிள்ளைகளைக் குறைத்துப் பெற்று நன்றாக வளர்க்கச் சொல்லி அந்தக் காலத்தில் சர்க்கார் சுவர் சுவராக எழுதி வைத்திருந்தது. நேசையன் சர்க்கார் சொன்னதைக் கேட்டான். பெண்ணை நர்சிங் படிக்க வைத்தான். அவள் சவூதிக்குப் போய், காஞ்சிரங்குளத்துக்காரன் ஷைஜுவைக் கட்டி, அங்கேயிருந்து அயர்லாந்துக்குப் போய்விட்டாள். நன்றாக வளர்த்த பிள்ளை வேறு என்ன செய்யும்? இங்கே இருந்தால்தான், ஏதோ குறை இருக்கிறது என்று நாங்களே பேசியிருப்போம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சுகிர்தபாய்க்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. நாக்கு தப்பித்தது. முதலில் நேசையனே எல்லாம் பார்த்தான். காலையில் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் வைப்பான், அந்திக்கு நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு. அவளுக்குத் தலை சீவிவிடுவதும் அவன்தான். நடுவில் ஊரில் யாராவது விழுந்தால் அங்கேயும் போவான். ஒருநாள் குளிமுறியில் விழுந்த பக்கத்து வீட்டுக் கருணாகரன் சாரைத் தூக்கி நிறுத்திவிட்டு நிமிர்ந்தபோது அவன் முதுகில் ஏதோ பிடித்தது. நெய்யாற்றின்கரையில் படம் எடுத்துப் பார்த்தார்கள். டிஸ்க் நகர்ந்திருக்கிறது, இனி ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது.

அன்றைக்கு ஜிஜி போனில் சொன்னதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"அப்பா, தூக்க ஆளில்லாம நீங்க ரண்டு பேரும் அங்க கெடக்க முடியாது. நான் ஒரு ஹோம் பாத்து வச்சிருக்கேன். திருவனந்தபுரத்துக்கு அப்புறம். நல்ல எடமாக்கும்."

"ரண்டு பேருக்கும் ஒரே முறியா மக்கா?"

"இல்லப்பா. ஆணுங்க ஒரு கட்டடம், பெண்ணுங்க வேற கட்டடம்."

நேசையன் கட்டிலில் கிடந்தவளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "நான் ஆள் பாக்கியேன்" என்றான். அதற்குப் பிறகு அவனுக்கு வாழ்க்கையில் ஒரே காரியம்தான் இருந்தது. சுகிர்தபாயைத் தூக்க ஒரு ஆள் வேண்டும். ஆள் இருந்தால் வீட்டில் இரண்டு பேரும் ஒன்றாக இருக்கலாம். இல்லாவிட்டால் ஆளுக்கொரு கட்டடம்.

ஹோம் நர்ஸ் வைத்துப் பார்த்தான். முதலில் வந்தவள் பத்து நாளில் இஸ்ரேலுக்கு விசா கிடைத்துப் போய்விட்டாள். இரண்டாவதாக வந்த அம்மாவுக்கு நேசையனை விட வயது அதிகம். அவள் உட்கார்ந்தால் எழுந்திருக்க இவன் கைகொடுக்க வேண்டும். "எனக்கு ஒரு ஆளைப் பாக்கச் சொன்னா, நீங்க பாக்கதுக்கு ஒரு ஆளைக் கொண்டுவந்திருக்கிய" என்றாள் சுகிர்தபாய்.

பிறகுதான் ரஃபிகுல் வந்தான். பக்கத்தில் ஹாலோபிரிக்ஸ் கம்பெனியில் வேலை செய்கிற ஆள், முர்ஷிதாபாத்துக்காரன், அங்கே பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும் உண்டு. ஒருநாள் இவர்கள் படுகிற பாட்டை மதில் வழியாகப் பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு தானாக உள்ளே வந்தான். "மா" என்று கூப்பிட்டான். இரண்டு கையையும் கொடுத்தான், தூக்கினான், வைத்தான். அன்றிலிருந்து காலையில் வேலைக்குப் போகும்போதும் அந்திக்குத் திரும்பும்போதும் வருவான். சுகிர்தபாய் அவனுக்குத் தமிழில் கட்டளையிடுவாள், அவன் பாதி மலையாளத்தில் பதில் சொல்வான். இருவருக்கும் எல்லாம் புரிந்தது.

இங்கே ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வடக்கேயிருந்து எங்கள் பக்கம் வேலைக்கு வருகிற எல்லாரும் எங்களுக்குப் பங்காளிதான். வங்காளத்துக்காரனுக்கு மலையாளத்தில் சொல்கிற பேர் எங்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது. ஒரிஸ்ஸாக்காரனும் பங்காளி, அஸ்ஸாம்காரனும் பங்காளி. சொத்தில் பங்குள்ள சொந்தக்காரனுக்கும் அதே பேர். எந்தப் பங்காளி என்பதை இடத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம். நேசையனுக்கும் அப்படி ஒரு சொந்தப் பங்காளி உண்டு, பெரியப்பா மகன் யோசுவா. பக்கத்து விளைதான். இரண்டு விளைக்கும் நடுவே அதிரில் நிற்கிற ஒரு பலாமரம் யாருடையது என்பதில் இரண்டு வீட்டுக்கும் ஜிஜி பிறப்பதற்கு முன்னாலிருந்தே பேச்சுவார்த்தை இல்லை. யோசுவா விழுந்த நாட்களில் மட்டும் நேசையன் பேசாமலே போய்த் தூக்கிவிட்டு வந்ததுண்டு.

நேசையன் மகளிடம் சொன்னது இதுதான்: "இனி பயப்படண்டாம் மக்கா. தூக்கப் பங்காளி உண்டு. காலையிலயும் அந்திக்கும் வரும்."

'வருவான்' என்று சொல்லியிருந்தால் அவளுக்குப் புரிந்திருக்கும். எங்கள் ஆட்கள் பாதி தமிழும் பாதி மலையாளமுமாக 'வரும்' என்று சொல்லிவிடுவோம். அதில் மரியாதையும் இல்லை, மரியாதைக்குறைவும் இல்லை. பெரியவருக்கும் அதுதான், சின்னவனுக்கும் அதுதான்.

போனில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"யோசுவா பெரியப்பாவா? நெசமாவா? வழக்கெல்லாம் மறந்துட்டாவளா?"

நேசையன் என் முகத்தைப் பார்த்தான். வாயைத் திறந்தான். அதற்குள் அவள், "நான் ஹோமுக்குப் பணம் கட்ட இருந்தேன்பா. இனி வேண்டாம். சொந்த ஆளு உண்டேங்கி எனக்கு நிம்மதியாக்கும்" என்று அழ ஆரம்பித்தாள். அவன் திறந்த வாயை மூடிக்கொண்டான்.

"சொல்லுலே, அது இந்தப் பங்காளி இல்லேன்னு" என்றேன், போனை வைத்த பிறகு.

"பிறவு சொல்லியேன் அண்ணா. வழியில போற ஒருத்தன் வந்து தூக்குதான்னு சொன்னா அவளுக்கு ஒறக்கம் வருமா?"

அந்தப் 'பிறவு' வரவே இல்லை. வந்தது பார்சல்தான். கிறிஸ்துமசுக்கு ஊருக்கு வந்த யாரோ ஒரு நர்ஸ் வழியாக ஜிஜி பெரியப்பாவுக்கு ஒரு கம்பளிச் சட்டையும், முட்டுவலிக்குத் தேய்க்கிற மருந்தும், ஒரு டப்பா சாக்லேட்டும் கொடுத்துவிட்டிருந்தாள். யோசுவாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எழுபத்தொன்பது வயதில் வாக்கர் பிடித்து நடக்கிற மனிதர், ஜிஜி ஊரில் இருந்தபோது மண்வெட்டி பிடித்தவர். கடைசியில், பலாமரத்தை விட்டுக்கொடுத்து சமாதானம் பண்ண அந்தப் பெண் வழி தேடுகிறது என்று தானே ஒரு முடிவுக்கு வந்தார். அந்த வெயிலில் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்தார். அடுத்த சீசனில் அந்தப் பலாவில் காய்த்த சக்கையில் பாதியை இந்த வீட்டுக்கு அனுப்பினார். நேசையன் வாங்கிக்கொண்டான். ஒரு பொய்யில் இரண்டு வீடு சமாதானமானால் போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த வருஷம் ரம்சான் பெருநாளுக்குக் கம்பெனியை மூடினார்கள். பங்காளிமார் மொத்தமாக ரயிலேறிவிட்டார்கள். ரஃபிகுல் போகும்போது சுகிர்தபாயின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். பெருநாள் கழிந்ததும் வந்துவிடுவேன் என்றான். திரும்பி வர டிக்கெட் கிடைக்கவில்லை என்று அங்கேயிருந்து போன் பண்ணினான், இன்னும் கொஞ்சநாள் ஆகும். பிள்ளைகளைப் பார்த்த மனுஷனை உடனே வா என்று யார் சொல்வது? அவன் இல்லாத நாட்களில் சுகிர்தபாய் கட்டிலிலேயே கிடந்தாள். நேசையன் அவளைப் புரட்டிப் போடுவான், துடைத்துவிடுவான், கஞ்சி கொடுப்பான். தூக்க மட்டும் முடியாது.

ஒரு வியாழக்கிழமை காலையில் அவள், "கெடந்து கெடந்து முதுகு வேவுது. வாசல் சிட்டவுட்டுல ஒருக்கா இருத்துங்க. ரோட்டுல பஸ் போறதையாவது பாக்கியேன்" என்றாள். அவன் முடியாது என்றான். அவள் ஒன்றும் பேசாமல் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுடைய சண்டையைத் தாங்குவான், பேசாமலிருந்தால் அவனால் தாங்க முடியாது. சரி வா என்று தோர்த்தைக் கக்கத்துக்கு அடியில் கொடுத்தான். கதவு வரைக்கும் வந்துவிட்டார்கள். அங்கே அவன் முதுகு பிடித்தது. அவளை விடாமல் பிடித்துக்கொண்டே சரிந்தான். அவள் சிட்டவுட்டிலும், அவன் வாசற்படியில் சாய்ந்தும் கிடந்தார்கள். அவளுடைய இடது கால் ஒரு மாதிரி திரும்பியிருந்தது.

அவன் முதலில் எனக்குத்தான் போன் பண்ணினான். "அண்ணா, வீடு வரைக்கும் ஒண்ணு வாங்க. ஒரு கை பிடிக்கணும்." அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எல்லாரும் அவனிடம் சொல்கிற வார்த்தை அது. நான் கம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும், என் ஓட்டம் எவ்வளவு என்பது வேறு விஷயம். வழியில் அடுத்த வீட்டுச் சௌதாமினியைக் கூப்பிட்டேன். அவள் கருணாகரன் சாரைக் கூப்பிட்டாள். எதிர்வீட்டுத் தங்கபாய் சர்க்கரை வியாதிப் புண் வந்த காலோடு குடை பிடித்து வந்தாள். கம்பு ஊன்றி நடக்க முடிந்த எல்லாரும் வந்தோம். எல்லாரும் ஏதாவது ஒரு நாளில் நேசையன் தரையிலிருந்து எடுத்து நிறுத்திய ஆட்கள். நாலு கம்பும் ஒரு குடையுமாக அவளைச் சுற்றி நின்றோம்.

சுகிர்தபாய் கிடந்தபடியே எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "கண்டக்டரண்ணா, பஸ்ஸு நெறைஞ்சாச்சு. டபுள் பெல் அடிச்சு வண்டிய விடுங்க" என்றாள். சொல்லிவிட்டு வலியில் கண்ணை மூடிக்கொண்டாள்.

முயற்சி பண்ணாமல் இல்லை. கருணாகரன் சார் காலைப் பிடிக்கக் குனிந்து, தலை சுற்றி, தூணைப் பிடித்துக்கொண்டார். நான் தோள்பட்டையில் கை வைத்ததும் சௌதாமினி தட்டிவிட்டாள். "அண்ணன் தொடண்டாம். ஒங்களுக்க மிஷின் நின்னா பிறவு ரண்டு பேரைத் தூக்கணும்." ஹாலோபிரிக்ஸ் கம்பெனி பூட்டிக் கிடக்கிறது. ஆட்டோக்காரன் பிஜிக்குப் போன் போட்டோம், திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரி ஓட்டத்தில் இருக்கிறான். ஆம்புலன்சுக்குச் சொல்லியாயிற்று. தங்கபாய் ஒரு தலையணை கொண்டுவந்து தலைக்குக் கீழே வைத்தாள், குடையை விரித்து வெயிலை மறைத்தாள். எங்களால் ஆனது அவ்வளவுதான். இத்தனை வருஷம் வாழ்ந்து, பிள்ளைகளை உலகமெங்கும் அனுப்பிவிட்டு, ஒரு பெண்பிள்ளையைத் தரையிலிருந்து எடுத்துவைக்க எங்களால் முடியவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று இன்னமும் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் நேசையனின் போனில் ஜிஜியின் வீடியோ கால் வந்தது. நைட் டியூட்டியில் இடைவேளை கிடைத்து அவள் கூப்பிடுகிற நேரம் அது. நேசையன் எடுக்காதே என்று தலையை ஆட்டுவதற்குள் சௌதாமினி எடுத்துவிட்டாள். எடுத்தவள் போனை எங்கள் எல்லார் பக்கமும் காட்டினாள்.

ஜிஜி பதறினாள். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்துக் கொஞ்சம் ஆறினாள். "எல்லாரும் உண்டல்லியா, நல்லது. காலைப் பிடிச்சு இழுக்கண்டாம். ஒரு பலகை மாதிரி நேரா தூக்கணும். பெரியப்பா எங்க? பெரியப்பா வரல்லியா?"

யோசுவா அப்போதுதான் வாக்கரைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்குள் வந்துகொண்டிருந்தார். பார்த்த சந்தோஷத்தில் ஜிஜி சத்தமாக, "பெரியப்பா, நீங்க தெனமும் தூக்கது போல மெதுவா தூக்குங்க" என்றாள்.

"நானா?" என்றார் யோசுவா. காது மந்தம், ஆனால் இது கேட்டுவிட்டது. வாக்கரை விடாமலே எங்களைப் பார்த்தார். "நான் எப்பம் தூக்கினேன் மோளே? என்னையே நேசையன்தானே தூக்குவான்."

திரையில் ஜிஜியின் முகம் அப்படியே நின்றது, லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். லைன் போகவில்லை. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நரைத்த தலைகள், கம்புகள், வாக்கர், விரித்த குடை.

"பங்காளின்னு சொன்னது ஆரைப்பா?" என்று கேட்டாள்.

"கம்பெனியில வேலை செய்யக்கூடிய பங்காளி மக்கா" என்றான் நேசையன், படியில் சாய்ந்தபடி. "நல்ல பையன். ஊருக்குப் போயிருக்கான். வந்திருவான்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "செரிப்பா. நான் அந்த ஹோமுக்கு இண்ணைக்கே விளிச்சுப் பேசுதேன்" என்றாள். அவன் வேண்டாம் என்று சொல்வான் என்று பார்த்தேன். சொல்லவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. டிரைவர் மட்டும்தான், இருபத்தைந்து வயது இருக்கும். கூட வரவேண்டிய ஆள் லீவாம். ஸ்டிரெச்சரை இழுத்துக்கொண்டு ஓடிவந்தவன் எங்களைப் பார்த்து நின்றான். உள்ளே எட்டிப் பார்த்தான், வீட்டுக்குப் பின்னாலும் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"பிடிக்கான் இவிடெ ஆணுங்ஙள் ஆரும் இல்லே?" என்று மலையாளத்தில் கேட்டான்.

யோசுவா, கருணாகரன் சார், நான், படியில் நேசையன். நாலு ஆண்கள் அவன் முன்னால்தான் இருந்தோம். பையன் கெட்டவன் இல்லை, கேட்டதில் தப்பும் இல்லை. அவன் ரோட்டுக்கு ஓடி, சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு தமிழ்நாட்டு லாரியை மறித்து, டிரைவரையும் கிளீனரையும் இறக்கிக் கூட்டிவந்தான். மூன்று பேரும் குனிந்தார்கள், தூக்கினார்கள், ஸ்டிரெச்சரில் வைத்தார்கள். ஒரு டீ ஆற்றுகிற நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவுதானா காரியம் என்று எனக்கு ஆகிவிட்டது. லாரிக்காரர்கள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நன்றி சொல்லக்கூட யாருக்கும் ஓடவில்லை.

அவர்களில் ஒருவன் போகிற போக்கில் நேசையனையும் எழுப்பி ஆம்புலன்சில் உட்கார வைத்திருந்தான். சுகிர்தபாய் இடது கையால் நேசையனின் சட்டையைப் பிடித்திருந்தாள். "ஏதாவது பேசுங்க" என்றாள். போன் இன்னும் சௌதாமினி கையில் இருந்தது, ஜிஜி இன்னும் லைனில் இருந்தாள். அவன் கையை நீட்டினான். சௌதாமினி கொடுத்தாள்.

"மக்கா."

"சொல்லுங்கப்பா."

"அந்த ஹோமுல, ஆணுங்க எடத்துல இருந்து பெண்ணுங்க எடத்துக்குப் போறதுக்கு நேரம் ஏதும் வச்சிருக்காவளா?"

"கேட்டுச் சொல்லுதேன்பா."

"கேளு. காலையில ஒருக்கா விட்டா போதும். வேற ஆரும் தலை சீவ இவ சம்மதிக்க மாட்டா."